ஆமைக்கு ஆகும் இலை

சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரே காட்சிதான். வேலியோரம் நின்று ஏதாவது ஒரு இலையின் நுனியை முன்பல்லால் கிள்ளி, வாயை மூடிக்கொண்டு, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்தபடி காத்திருப்பார். விழுங்கமாட்டார். நாக்கில் வைத்துக்கொண்டு, எரிகிறதா, கைக்கிறதா, தொண்டையை இழுக்கிறதா என்று பார்ப்பார். பிறகு துப்பிவிட்டுக் கிணற்றடியில் வாய் கொப்பளித்து, "இது பறவாயில்லைப் போலகிடக்கு" என்பார். சில நேரம் ஒன்றும் சொல்லாமல் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வெளியே ஒழுங்கைக்கு எறிவார். இரண்டு ஆமைகளுக்காக ஒரு பெண் வேலணையில் முளைத்த செடி கொடியையெல்லாம் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார் என்றால் ஊர் என்ன சொல்லும்? விசர் என்றுதான் சொன்னது. அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு வேறொரு சங்கதியும் தெரிந்திருந்தது. அதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது அதுதான்.

சின்னம்மா என் அம்மாவுக்கு நேரே இளையவர். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே ஒழுங்கையில், நடுவில் ஒரு பனங்காணி மட்டும். சித்தப்பாவுக்குத் தெற்கே, காலி நகருக்கும் அங்கால் ஒரு சிறு பட்டினத்தில் பலசரக்குக் கடை இருந்தது. தீவுப் பகுதியில் அது புதினமில்லை. ஆண்கள் தூரத்துப் பட்டினங்களில் கடை வைத்திருப்பார்கள், பெண்கள் இங்கே வீட்டையும் கிணற்றையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வந்து போவார்கள். கலியாணம் முடிந்து பல வருடமாகியும் சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பெட்டியை முழுதாக அவிழ்க்காமலே திரும்பிப் போகிற மனிதனோடு பிள்ளை எப்படி வரும் என்று கேட்பாரில்லை. எல்லோரும் சின்னம்மாவின் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சித்தப்பா தன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு அறை என்றாலும் போதும் என்று அம்மாவிடம் சொல்வதை நான் பலதரம் கேட்டிருக்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் சிலர் அப்படிப் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சித்தப்பாவிடம் நேரே கேட்க அவருக்கு வாய் வராது. பகிடியாக ஒருதரம் கேட்டதற்கு, அங்கே மழையும் சேறும், உமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டாராம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் நாலாம் வகுப்பில் படித்த காலத்தில், சித்தப்பா ஒரு சவர்க்காரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டியில் காற்றுப் போக ஓட்டைகள் போட்டிருந்தது. சீனியோ தேயிலையோ என்று நினைத்து நாங்கள் சுற்றி நின்றோம். திறந்தால் இரண்டு ஆமைகள். ஒன்று தேங்காய்ச் சிரட்டை அளவு, மற்றது அதைவிடச் சற்றுப் பெரிது. கறுத்த முதுகு முழுவதும் மஞ்சள் கோடுகள் வெடித்துப் பரவியிருந்தன. நட்சத்திர ஆமை என்று பிறகு படித்தேன். சித்தப்பாவின் தாயார் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் ஆமை வந்தால் வீடு விளங்காது, இப்பவே கொண்டுபோய்க் கடலில் விடு என்று நின்றார். ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டு வருகிற அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, கடலாமை என்றாலும் ஒரு கறிக்கு ஆகும், இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். லொறியில் வரும்போது வவுனியாக் காட்டுப்பக்கம் றோட்டைக் கடந்ததுகளைப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவரை நேரே பார்த்து அவர் பேசியது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

"இதுகள் ரண்டையும் சாகவிடாமல் பாத்துக்கொள்ளும். கடைக்குப் பின்னால வீடொண்டு கட்டத் தொடங்கியிருக்கிறன். முடிஞ்ச உடன உம்மையும் கூட்டிக்கொண்டு போவன், இதுகளையும் கொண்டு போவம்."

சின்னம்மாவின் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை. அந்த ஆமைகள் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சொல்லும் உயிரோடு இருக்கும் என்று அவர் அப்போதே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டதில் என்ன பிழை? சொன்னவர் அப்படித்தானே சொன்னார்.

ஆமை என்ன தின்னும் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பா பெட்டியோடு விட்டுவிட்டு அடுத்த கிழமை போய்விட்டார். வேலியும் கிணற்றடியும் பூக்கன்றுகளுமாக அந்த வளவில் பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் எதைக் கொடுப்பது? சின்னம்மா முதலில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஆடு தின்கிற குழை எதற்கும் ஆகும் என்பது நாங்கள் யோசிக்காமலே நம்புகிற காரியம். கோடையில் புல் கருகிவிட்டால் எங்கள் ஆடுகளைக் காப்பாற்றுவது வேலிக்குழைதான். ஆடு சீமைக்கிளுவையை எவ்வளவு ஆசையாகத் தின்னும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு கொப்பை முறித்துப் போட்டார். பெரியது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சின்னது தின்றது. அடுத்த நாள் அது கழுத்தை மண்ணில் நீட்டிப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், வயிற்றால் போய்க்கொண்டு கிடந்தது. சின்னம்மா அதை ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துப் பிடித்தபடி பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அழுதுகொண்டிருந்தார். ஒரு பிராணிக்காக அவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். எனக்கு அப்போது என்ன விளங்கும்?

அது எப்படியோ தப்பிவிட்டது. தப்பிய பிறகு சின்னம்மா அம்மாவுக்குச் சொன்ன விளக்கம் இது. ஆடு தின்றதை அசைபோட்டு, ஆறுதலாகச் சமிக்கப் பண்ணுகிறது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆட்டைப் பார்த்து ஆமைக்குப் போடக்கூடாது. இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒருவரைத்தான் விசர் என்றார்கள்.

பிறகு பால் பார்த்தார். முறித்தால் வெள்ளையாகப் பால் வருகிற எதுவும் நஞ்சு என்று ஒரு கணக்கு. எருக்கலை, அலரி, கள்ளி எல்லாம் அந்தக் கணக்கில் விழுந்தன. கோயிலுக்குப் பூப்பறிக்க என்று மாமியார் வைத்திருந்த மஞ்சள் அலரியைச் சுற்றி ஆமை போகாதபடி பனைமட்டை நட்டார். அதற்கு ஒரு சண்டை. அந்தக் கணக்கும் அதிக நாள் நிற்கவில்லை. ஒருநாள் இரண்டு ஆமையும் பாத்திக்குள் புகுந்து வத்தாளங்கிழங்குக் கொடியை மொட்டையாக்கிவிட்டன. வத்தாளங்கொடியை முறித்தாலும் பால்தான் வரும். சின்னம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தநாள் அவை இன்னும் கேட்டு அதே பாத்தியடியில் வந்து நின்றன. பட்டிப்பூவை முறித்தால் பாலே தெரியாது, ஆனால் அந்தக் கைப்பு நல்லதற்கில்லை என்று அதையும் விலக்கினார். பாலை நம்பியும் பயனில்லை என்று ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனார். ஆமைக்குப் பத்தியம் கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான் என்று அவர் சிரித்தாராம். சிரித்தாலும் சும்மா அனுப்பவில்லை. மனிதருக்கு எது கடி சொறி கிளப்புகிற கிரந்தி, எது சூடு, எது வாய்வு என்று சொல்லிவிட்டு, உயிர் எல்லாம் ஒன்றுதான், பார்த்துக் கொடும் என்றிருக்கிறார். சின்னம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கத்தரியும் தக்காளியும் கிரந்தி, ஆகவே அந்த இலைகள் ஆமைக்கு ஆகாது. முருங்கை சூடு, ஆகவே கோடையில் இல்லை, மாரியில் கொஞ்சம். செவ்வரத்தை குளிர், ஆகவே பூவும் இலையும் தாராளம். வேலிக்கு வெளியே கிடந்த நாகதாளியை முள் போக வாட்டிச் சீவிக் கொடுத்தார், அது நல்ல குளிர்ச்சி என்று. பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை எங்கள் வீடுகளில் பார்க்கிற பத்தியம் அது. தனக்கு ஒருவரும் பார்க்கக் கிடைக்காத அந்தப் பத்தியத்தைச் சின்னம்மா இரண்டு ஆமைக்குப் பார்த்தார். அம்மா அதைக் கண்டு ஒருநாள் குசினிக்குள் போய் நின்று அழுதார். எங்களிடம், தேங்காய் துருவியதில் கை வெட்டிவிட்டது என்று சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவந்தது. கத்தரியிலையும் தக்காளியிலையும் ஆமைக்கு ஆகாது என்று இன்றைக்கு எந்தச் சின்னப் பிள்ளையும் கைபேசியில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். செவ்வரத்தை ஆகும், நாகதாளி ஆகும், வத்தாளங்கொடி ஆகும், அலரி கிட்டவும் ஆகாது. என் மருமகள் அண்மையில் ஒரு ஆமை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டிருக்கிறாள். எதைக் கொடுக்கலாம் என்று பார்க்க அவளுக்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து அவள் வாசிப்பதைக் கேட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எனக்குச் சின்னம்மாவின் வாய்தான் ஞாபகம் வந்தது. எரிச்சலாக இருந்தது. அவள் மேலே அல்ல.

எந்தக் கணக்கிலும் அடங்காத செடிகள் இருந்தன. குரோட்டன், நாலுமணிப்பூ, பெயர் தெரியாமல் யார் வீட்டிலிருந்தோ வந்த பூக்கன்றுகள். பரியாரியாருக்கும் அவை தெரியாது. அவற்றுக்குத்தான் சின்னம்மா தன் நாக்கைக் கொடுத்தார். சித்தப்பா ஒருமுறை வரும்போது தெற்கிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்தார். அகன்ற இலை, பச்சையில் வெள்ளைப் புள்ளி, வாசலுக்கு வடிவாக இருக்கும் என்று அவரே நட்டார். கணவர் கையால் நட்ட கன்று என்று சின்னம்மா அதற்கு ஊற்றாத தண்ணீர் இல்லை. அது பெருத்து, இலை தாழ்ந்து, பெரிய ஆமை கழுத்தை நீட்டி எட்டும் உயரத்துக்கு வந்தது. சின்னம்மா அதன் தண்டோடு சேர்ந்த இடத்தில் ஒரு துண்டைக் கடித்தார்.

நாக்கு வாய்க்குள் கொள்ளாமல் வீங்கிவிட்டது. எச்சில் வழிந்தது, விழுங்க ஏலாது, பேச ஏலாது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அம்மா வேலணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். மூச்சு அடைக்காமல் தப்பியது பெரிய காரியம் என்றார்கள். பல நாள் இளநீரும் ஆறிய கஞ்சியும்தான், அதுவும் கரண்டியால். மாமியார் ஒழுங்கை முழுவதும், ஆமை புகுந்த பலன் இப்போது தெரிகிறது என்று சொல்லித் திரிந்தார். தன் மகன் கொண்டுவந்து நட்ட செடி அது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த மனுசிக்குத் தெரிந்தும் சொல்லாதவை இன்னும் இருந்தன. தெரிந்ததைச் சொல்லத் திறக்காத வாய், ஆமையைத் திட்ட மட்டும் நன்றாகத் திறந்தது.

அந்தக் கிடப்பில்தான் கோயில் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், சின்னம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடி தாயாரிடம் விபரம் கேட்டார். உள்ளே வந்தார். பாயில் கிடந்த சின்னம்மாவைப் பார்த்தார்.

"ஆமை அதைத் தின்னேல்லைத்தானே?" என்றார்.

சின்னம்மா இல்லை என்று தலையாட்டினார். வீங்கிய வாயோடு சிரிக்கவும் பார்த்தார். தான் முந்திக்கொண்டதில் அவருக்குப் பெருமை. சித்தப்பா நேரே கிணற்றடிக்குப் போய் ஆமைகளைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வைத்தார். பிறகுதான் கால் கழுவினார். நான் கையில் கஞ்சிக் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோப்பையை அவர் தலையில் போட்டிருக்கலாம் என்று இப்போது எத்தனையோ தரம் நினைத்துவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பெட்டியை வைக்க முதல் ஆமை. என்ன தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன, எந்தப் பூவை விரும்புகின்றன, சின்னது வளர்ந்திருக்கிறதா, கண் வீங்கவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சின்னம்மா ஒவ்வொரு இலையாகச் சொல்வார். கணவன் மனைவியாக அவர்கள் அதிகம் பேசியது அந்தப் பேச்சுத்தான். அந்தக் கேள்விகளுக்குள் தன்னைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது என்று சின்னம்மா நம்பினார். ஆமையைக் கேட்கிறார் என்றால் சொன்ன சொல்லை மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? வீட்டைப் பற்றியும் சொல்வார். அத்திவாரம் போட்டாயிற்று என்றார் ஒருமுறை. அடுத்தமுறை சுவர் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஓடு வரவில்லை. அடுத்த வருடமும் ஓடு வரவில்லை. அதற்கடுத்த வருடமும் அந்த ஓடு வந்துகொண்டேயிருந்தது.

ஒருதரம், ஆமைகள் சோம்பிக் கிடந்த மாரிகாலத்தில், பேக்கரிப் பாணைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பாரும் என்று சித்தப்பா சொன்னார். சின்னம்மா நனைத்து வைத்ததுதான் தாமதம், இரண்டும் வேலியோரத்திலிருந்து வேகவேகமாக நடந்து வந்தன. எந்த இலைக்கும் அப்படி வந்ததில்லை. சின்னம்மாவுக்கு ஒரே சந்தோசம், அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது பார்த்தாயா அக்கா என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிறதை நிறுத்தினார்.

"காட்டில பிடிச்ச ஆமைக்குப் பாண் ஆரடி பழக்கினது?"

 சின்னம்மா, உனக்கு எப்போதும் அவரில் ஒரு குறை என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பாண் மட்டும் அவர் வீட்டில் ஒவ்வொரு நாளும் வாங்கினார்கள். அம்மா மறுபடி அந்தக் கதையை எடுக்கவில்லை. தென்னிலங்கையில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் பலர் அந்தப் பட்டினத்துக்குப் போய்வந்தவர்கள்தான். சித்தப்பாவின் கடைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெண்சாதிமாருக்கும் தெரியும். கோயிலில் சின்னம்மாவைக் கண்டால் எல்லோரும் ஆமை சுகமோ என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு சின்னம்மா இன்னும் இறுக்கமாகிவிட்டார். ஆமைகளை விட்டு அசையமாட்டேன் என்றார். காரைநகரில் என் அக்காவின் கலியாணம் நடந்தது. தங்கி நிற்கவேண்டும், தாயின் ஒரே தங்கை, எத்தனை சடங்குக்கு அவர் வேண்டும். வரவில்லை. மாமியாரை நம்பி ஆமையை விட்டுவிட்டு வந்தால் திரும்பி வரும்போது கடலுக்குள் இருக்கும் என்றார். இதுகளுக்கு ஒன்று நடந்தால் நான் அவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்றார். அக்கா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. சின்னம்மா வராததற்கு யார் காரணம் என்று கேட்டால் எல்லோரும் ஆமையைத்தான் சொன்னார்கள். பாவம், அவை என்ன செய்தன?

எழுபத்தேழில் தமிழருக்கு அடி விழுந்து நாடு குழம்பியபோது தெற்கில் கடை வைத்திருந்தவர்கள் உடுத்த உடுப்போடு வரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஒருவர் ஒழுங்கை முகப்பில் இறங்கி வந்தார்கள். எல்லா வீட்டிலும் அழுகை. சின்னம்மா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றார். யாரைக் கண்டாலும் கேட்டார், அவர்களும் கண்டோம், தெரியாது, பின்னால் வருகிறார் என்று பலதும் சொன்னார்கள். இரவில் விளக்கை அணைக்கவேயில்லை. சாப்பாடு இல்லை. ஆனால் ஆமைக்கு இலை அரிவது மட்டும் நிற்கவில்லை.

சித்தப்பா வந்த அன்று நானும் கிணற்றடியில் இருந்தேன். சின்னம்மா செவ்வரத்தையிலை அரிந்துகொண்டிருந்தார். படலை திறந்து சித்தப்பா வந்தார். தாடி, கிழிந்த சேட், காலில் செருப்பில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. எனக்கு மூன்று நாலு வயது இளையவளாக இருக்கும், கட்டையாக வெட்டிய தலைமயிர், அளவில்லாத பெரிய சட்டை. சின்னம்மா எழுந்தார். கத்தி மடியிலிருந்து விழுந்தது. சித்தப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உயிரோடு வந்துவிட்டார் என்ற சந்தோசத்தில் அந்தச் சிறுமியை அவர் முதலில் பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன்.

சிறுமி ஆமைகளைக் கண்டுவிட்டாள். கையை உதறிவிட்டு ஓடிப்போய் மண்ணில் முழங்காலில் இருந்தாள். அவள் தொட, இரண்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. "மறந்துட்டுதுகள் அப்பா" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். எங்கள் பேச்சில்லை, எங்கோ படித்த தமிழ் மாதிரி ஒரு மழலை. அப்பா என்ற அந்தச் சொல்லுக்குச் சின்னம்மா அசையவில்லை. பிறகு சிறுமி சின்னம்மாவை ஏறிட்டுப் பார்த்து முகம் நிறையச் சிரித்தாள். பல காலமாகத் தெரிந்த ஒருவரைக் கண்ட சிரிப்பு அது.

"நீங்கதானே ஆமை மாமி?"

சித்தப்பா கிணற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமி நிறுத்தவில்லை. தனக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்தபோது ஆமையால்தான் என்று சொல்லி அவள் அம்மா இவற்றை எறியப் பார்த்தாளாம். தான் அழுத அழுகையில், ஊரில் ஒரு மாமி இருக்கிறா, அவ பார்ப்பா என்று சொல்லி அப்பா கொண்டுவந்தாராம். ஒவ்வொரு முறையும் வந்து, ஆமை மாமி என்னென்ன இலை கொடுத்தவ என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாராம். அதைக் கேட்டால்தான் தனக்கு நித்திரை வருமாம். போன வருடம் காய்ச்சலில் அம்மா செத்த பிறகும் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். குழந்தை. அவளுக்கு எங்கள் ஒருவரிலும் வஞ்சம் இல்லை. நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"ஓம்" என்றார் சின்னம்மா. "நான்தான்."

பிறகு சித்தப்பாவிடம் திரும்பினார். அவர் குரலில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. சந்தைக்குப் போய்வந்தவரிடம் விபரம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அந்த வீடு கட்டி முடிஞ்சுதோ?"

மூன்று நாள் சரியாக நித்திரையில்லாத மனிதன், யோசிக்காமல் மறுமொழி சொல்லிவிட்டார். "அது எப்பவோ முடிஞ்சது. இப்ப எரிஞ்சும் போச்சு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்று அவருக்கு உறைத்தது.  ஏதாவது செய்யவேண்டும் என்று சிறுமியின் தோளைப் பிடித்து எழுப்பி, மாமி இல்லைப் பிள்ளை, பெரியம்மா, பெரியம்மா என்று சொல்லு என்றார். சிறுமி சொல்லத் தயாராக வாயைத் திறந்தாள். சின்னம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம். மாமி எண்டே கூப்பிடட்டும். பெரியம்மா எண்டால் நான் உங்களுக்குப் பெண்சாதி எண்டு ஆகுது."

சின்னம்மா செத்துப்போகும்வரை அந்தப் பெண் மாமி என்றுதான் கூப்பிட்டாள். அன்றைக்குச் சின்னம்மா அவளுக்குக் கால் கழுவத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். குசினிக்குள் போய் இருவருக்கும் சோறு போட்டார். சித்தப்பாவின் சோற்றுக் கோப்பையை, வந்துபோகிறவர்களுக்கு வைக்கிற மாதிரி, விறாந்தையில் கொண்டுவந்து வைத்தார்.